சராசரியை நம்பி பஸ்ஸுக்கு நிற்க முடியாது

ஆசிரியர்களான எங்களுக்கு அன்று பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் ப்ரொஜெக்டரைத் தொடவே இல்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, பயிற்சி நடக்கும் வட்டார வளமையம் வந்து சேர எத்தனை நிமிஷம் ஆனது என்று எழுதச் சொன்னார். அதில் ஒன்பது பேரை எழுப்பி, குறைந்த நிமிஷத்திலிருந்து கூடிய நிமிஷம் வரை சுவரோரம் வரிசையாக நிற்கவைத்தார். 10, 15, 15, 20, 25, 30, 35, 35, 40. நான் ஐந்தாவது ஆள், என் தாளில் 25. எல்லாம் கூட்டினால் 225, சராசரியும் 25.

பிறகு 40 நிமிஷக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்திருந்த சாரை அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் தாளில் 130. சராசரி 35க்கு ஏறிவிட்டது. ஒன்பது பேரில் சராசரியைவிட அதிக நேரம் ஆனது அவர் ஒருவருக்குத்தான். வரிசையின் நடுவில் அப்போதும் நான்தான் நின்றேன், அதே 25ஓடு.

இடைநிலை அளவை அதற்கு முன் பதினான்கு வருஷம் நடத்தியிருந்தேன். ஏறுவரிசையில் எழுது, நடு உறுப்பை எடு, எண்ணிக்கை இரட்டைப்படையாக வந்தால் நடுவில் உள்ள இரண்டையும் கூட்டி இரண்டால் வகு. மலையிலிருந்து ஒருவர் வந்து கடைசியில் நின்றாலும் நடுவில் நிற்பவர் நகரமாட்டார் என்பதை அன்று சுவரில் சாய்ந்து நின்றபடிதான் உணர்ந்தேன். பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் இதைக் காட்டாமல் விட்டுவிட்டோமே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

பயிற்சிகளுக்குக் குறைவில்லை. கொரோனா காலத்தில் தீக்‌ஷா இணையதளத்தில் ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சிப் பாடங்களை ஒவ்வொன்றாக முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அவற்றால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பறைக்குள் என்னோடு வந்தது அந்தத் துண்டுத்தாள்தான். ஆசிரியரை ஒரு மணி நேரமாவது மாணவராக உட்காரவைத்து, தன் கையால் எண்ண வைக்காத பயிற்சி எங்களிடம் ஒட்டுவதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் பாதி நாள் சுற்றறிக்கை வாசிப்பதிலேயே போய்விடும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ஒரு நாள் நாங்கள் அங்கே போகிறோம் என்றால் ஒரு பள்ளியில் ஒரு நாள் கணக்கு வகுப்பு இல்லை என்று அர்த்தம்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' எட்டாவது பாடம், அதாவது கடைசிப் பாடம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அதைத் தொடுவோம். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்துக்குச் சூத்திரத்தை எழுதிப் போட்டு, இரண்டு கணக்குச் செய்து, பொதுத்தேர்வுக்கு எது வரும் என்று கோடு போட்டுக்கொடுத்துவிட்டு நகர்வோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பயிற்சிக்கு அடுத்த வருஷம் அதை ஜூலைக்கு இழுத்தேன். எங்கள் ஊருக்குக் காலையில் இரண்டு வண்டி: ஒரு டவுன் பஸ், ஒரு மினி பஸ். இரண்டும் எத்தனை நிமிஷம் தாமதமாக வருகின்றன என்று அதில் வரும் பிள்ளைகளையே குறிக்கச் சொன்னேன்.

முதல் வாரம் மினி பஸ்: 6, 8, 7, 9, 10. டவுன் பஸ்: 0, 2, 20, 3, 15. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 40, சராசரி 8. "ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டேன். வகுப்பே கத்தியது, இல்லை என்று. தினமும் டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பெண் எழுந்து, "சராசரியை நம்பி பஸ்ஸுக்கு நிக்க முடியாது மிஸ்" என்றாள். அதற்குப் பிறகுதான் பலகையில் விலக்கங்களை, அதாவது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்தால் வருவதை, எழுதினேன். மினி பஸ்ஸுக்கு விலக்க வர்க்கச் சராசரி 2, அதன் வர்க்கமூலமான திட்டவிலக்கம் 1.4. டவுன் பஸ்ஸுக்கு 63.6, திட்டவிலக்கம் கிட்டத்தட்ட 8. ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. விலக்கங்களைச் சும்மா கூட்டினால் பூஜ்ஜியம் வந்து நிற்பதை அவர்களே பார்த்துவிட்டார்கள்.

"அப்போ மினி பஸ்ஸிலேயே வரலாமே?" என்றேன். "அதுக்கு டிக்கெட் எடுக்கணும் மிஸ். இதுல பாஸ் இருக்கு." பிரேயருக்குப் பிந்தி வந்தவர்களை வெளியே நிற்கவைத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அந்த இரண்டு வரிசை எண்ணைப் பார்த்த பிறகு என்னால் அதைச் செய்ய முடியவில்லை. பிள்ளைகள் எழுதிய தாளைத் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் நேராக வகுப்புக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

வாய்ப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு 48,000. மனத்திறனில் 90 கேள்வி, பாட அறிவில் 90 கேள்வி. நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பணத்தின் கனம் எனக்குத் தெரியும். இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறித் தேர்வு இருக்கிறது, ஒலிம்பியாட் இருக்கிறது. சென்னை ஐஐடி 2020ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத்தேர்வு வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நான்கு வாரப் பாடங்களைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இதெல்லாம் எங்கள் ஊருக்குத் தானாக வந்து சேராது. கணக்கு டீச்சருக்குத் தெரிந்தால் பிள்ளைக்குத் தெரியும், அவ்வளவுதான். எனக்கே இதில் பாதி, பயிற்சிக்கு வந்த மற்ற ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டின்போது பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரியும்.

தடை எங்கே என்றால், ஆங்கிலத்தில். திட்டவிலக்கம் நன்றாகத் தெரிந்த பிள்ளை, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று கேட்டதும் பயந்துவிடுகிறது. அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைக்கிறேன். பள்ளி ஹைடெக் லேபில் கணினியில் விரிதாளைத் திறந்து, பஸ் கணக்கை ஆங்கிலத் தலைப்போடு பதியச் சொல்கிறேன்.

பஸ்ஸுக்கு நிற்க முடியாது என்று சொன்ன பெண் இப்போது கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே அந்தத் தகுதித் தேர்வுக்கும் படிக்கிறாள். போன மாதம் இரவு எட்டு மணிக்கு மேல் போன் செய்தாள். "மிஸ், நாம 5ஆல வகுத்தோம்ல? இவங்க ஒண்ணு கழிச்சு 4ஆல வகுக்கச் சொல்றாங்க. ஏன் மிஸ்?"

உடனே சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன்மா என்று வைத்துவிட்டு, பழைய கல்லூரி நோட்டைத் தேடி எடுத்தேன். துண்டுத்தாள் கொடுத்த கருத்தாளருக்கும் போன் போட்டேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். வருஷம் முழுக்க வரும் பஸ்ஸிலிருந்து ஐந்து நாளை மட்டும் எடுத்திருக்கிறோம், சராசரியையும் அந்த ஐந்து நாளிலிருந்தே எடுத்துக்கொண்டோம், அதனால் விலக்கங்கள் இருக்க வேண்டியதைவிடச் சின்னதாக வரப் பார்க்கும், நான்கால் வகுப்பது அதை ஈடுகட்டத்தான் என்றார். கூட்டினால் பூஜ்ஜியம் வந்தாக வேண்டும் என்பதால், சொந்தமாக வருவது நான்கு விலக்கங்கள்தான் என்றும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். "டவுன் பஸ் விலக்கங்களை எழுதிக்கோ. மைனஸ் 8, மைனஸ் 6, 12, மைனஸ் 5." அங்கே நிறுத்தினேன். போனில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏழு மிஸ்" என்றாள். "அது ஏழாத்தான் இருந்தாகணும்."