கருமையை முதல் அரை மணியில் போடுங்கள்

நுண்கலைக் கல்லூரிச் சேர்க்கை லிஸ்ட் வந்துவிட்டது, என் பெயரும் இருக்கிறது. மூச்சு விட்டாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து அடுத்த முறை எழும்பூருக்கோ கும்பகோணத்துக்கோ நுண்கலைக் கல்லூரிச் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இது. விண்ணப்பம், சான்றிதழ் விவரமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். படத்தில் எந்த இடம் மிகக் கருமையோ, அதை முதல் அரை மணிக்குள் போட்டுவிடுங்கள். வாட்டர் கலர் என்றால் வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடி என்று சொல்லித் தருவார்கள். தப்பில்லை. ஆனால் வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் எந்த வண்ணமும் அடர்த்தியாகத்தான் தெரியும். அதை நம்பி எல்லாவற்றையும் வெளிறப் போடுகிறோம். காய்ந்தால் இன்னும் வெளிறும். கடைசிப் பத்து நிமிடத்தில் பதறிப்போய்க் கறுப்பு டியூபைப் பிதுக்கினால் படம் அங்கேயே செத்துவிடும். கருமை முதலிலேயே இருந்தால் மற்ற டோன்களை, அதாவது வெளிச்சம் இருட்டு அளவுகளை, அதோடு ஒப்பிட்டுப் போடலாம்.

பழகிப் பார்க்க ஒரு பெங்களூரா மாங்காயும் சிவப்புத் துணியும் போதும். மாங்காய் துணியைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள், கருமை அங்கேதான். அதற்கு அல்ட்ராமரைன் என்கிற நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு ஒரு பங்கு. தண்ணீர் மோர் பதத்தில் வேண்டாம், தயிர் பதம். 12ஆம் நம்பர் உருண்டை பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. உடனே வேறொரு ஈர பிரஷ்ஷால் நிழலின் வெளி ஓரத்தை மட்டும் கரையுங்கள். மாங்காய்ப் பக்கத்து ஓரம் கூர்மையாகவே இருக்கட்டும். இங்கே கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: தாளைவிட பிரஷ்ஷில் ஈரம் அதிகம். அந்தத் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டும். பிரஷ்ஷைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தொடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த வாஷை, அதாவது தண்ணீர் கலந்து பூசிய வண்ணத்தை, தொடவே கூடாது. நம்மூர் மே மாத வெயிலில் அது எப்போது காய்கிறது என்பதே பிடிபடாது என்பதால் பகலிலும் இரவிலும் பழகுங்கள்.

நீலத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிரஷ்யன் ப்ளூ தாளைப் பிடித்துக்கொண்டால் விடாது. அல்ட்ராமரைன் ஈர பிரஷ்ஷால் ஒற்றினால் ஓரளவு எழும்பி வரும். துணிந்து பார்க்கிற படத்துக்கு அல்ட்ராமரைன்தான் சரி. செட்டில் இல்லையென்றால் தனி டியூபாக வாங்குங்கள்.

வாரத்துக்கு ஒரு படத்தைக் கெடுப்பதற்கென்றே ஒதுக்குங்கள். கால் ஷீட் தாள், 40 நிமிடம். இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்து பாருங்கள்:

- பென்சில் இல்லாமல் நேரடியாக பிரஷ்.
- மூன்றே வண்ணம்.
- பெரிய பிரஷ் மட்டும்.
- வெறும் நிழலுருவம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி பாறை ஓவியத்துக் குதிரை வீரர்களைப் பாருங்கள். ஒரே வெள்ளை நிறம். வெளிவடிவமே எல்லா வேலையையும் செய்கிறது.

ஒரு படத்தில் ஒரு மாற்றம்தான். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் கெட்டது என்று தெரியாது. கெட்ட காரணத்தைத் தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதுங்கள்.

தலைப்பு கொடுத்து வரையச் சொல்கிற காம்போசிஷனில் 'சந்தை' என்றதும் பாதி ஹால் இரண்டு மலை, ஒரு சூரியன், ஒரு தென்னை, வரிசையாகக் கடை என்று இறங்கிவிடும். போச்சம்பள்ளி சந்தையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பாருங்கள். முகமெல்லாம் நீலம் பூசியிருக்கும்; தார்ப்பாய் ஓட்டை வழியாக விழுந்த வெயில் மட்டும் தக்காளிமேல் வட்டமாக நிற்கும். படத்துக்கு அது போதும். கூட்டம் முழுவதையும் வரைய வேண்டாம்.

இந்த வழி அவசரக்காரர்களுக்குப் பொருந்தும். பொறுமையாகப் பென்சில் ஷேடிங் செய்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் வயதாகிவிட்டது, கை பழகிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். எழும்பூர்க் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தவர். எழுத்தும் குறியீடுமாக நிரம்பிய தன் ஓவிய வரிசையை 1963இல்தான் தொடங்கினார்.

தேர்வு நாளுக்கு:

- ஹாலில் ஒரே ஒரு துணிச்சல். அதுவும் வீட்டில் ஐந்து முறையாவது கெடுத்துப் பார்த்ததாக இருக்கட்டும்.
- தண்ணீருக்கு இரண்டு டப்பா: பிரஷ் கழுவ ஒன்று, வண்ணம் கலக்க ஒன்று.
- போர்டின் மேல்பக்கத்துக்கு அடியில் பென்சில் பாக்ஸை வைத்துச் சாய்வு கொடுங்கள், வாஷ் தேங்காது.
- ஹைலைட்டுக்கு வெள்ளைத் தாளை விட்டுவைக்க வேண்டிய இடங்களைத் தொடங்கும் முன்பே லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள்.
- கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.