உயரம் குறைந்த டிஃபன்ஸ்மேனுக்கு இடம் உண்டா?

ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றுக்கு வீடியோ வெட்டிக் கொடுப்பது என் வேலை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டக்காரனும் பக்கைத் (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) தொட்ட இடங்களைப் பிரித்து, பெயர் போட்டு, கோச்களுக்கு அனுப்ப வேண்டும். சீசன் பாதி தாண்டினால் பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கௌட்டுகளும் வந்து பையன்களைப் பற்றி விசாரிப்பார்கள். 5 அடி 9 அங்குலம் உள்ள டிஃபன்ஸ்மேன் (தடுப்பு ஆட்டக்காரன்) பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி இழுப்பார்கள்: "நல்லாத்தான் ஆடுறான், ஆனா சைஸ்..." அதற்கு மேல் வாக்கியம் நகராது.

அந்தத் தயக்கம் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 100 கிலோ எடையுள்ள ஒரு ஃபார்வர்ட் கோலியின் (கோல்கீப்பரின்) கண்ணை மறைத்துக்கொண்டு நின்றால் அவனை அங்கிருந்து நகர்த்த உடம்பு வேண்டும், அதுவும் சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் வந்துவிட்டால் ரெஃபரிகள் கண்டுகொள்ளாமல் விடுவது அதிகமாகும், கோலுக்கு முன்னால் மல்லுக்கட்டுதான். 2023இல் வேகஸ் அணி, வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்ஹெச்எல்லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர்களுடைய ஆறு டிஃபன்ஸ்மேன்களில் ஆறு அடிக்குக் குறைவானவர் ஒருவர்கூட இல்லை. இதை எந்த ஜெனரல் மேனேஜரும் மறப்பதில்லை.

ஆனால் நாள் முழுக்க கிளிப் பார்க்கிறவனுக்கு வேறொன்று தெரிய ஆரம்பிக்கும். ஒரு டிஃபன்ஸ்மேன் செய்யும் வேலையில் கோல் முன்னால் மல்லுக்கட்டுவது சிறிய பங்குதான், திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று: எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிடும், இவன் திரும்பி அதை எடுக்கப் போக வேண்டும், முதுகுக்குப் பின்னால் பக்கைப் பறிக்க எதிரணியின் ஒரு ஃபோர்செக்கர் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பான். அந்த ஓரிரண்டு நொடிதான் விஷயமே. நல்ல சின்னப் பையன் பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேல் இரண்டு முறை திரும்பிப் பார்த்திருப்பான், கூட்டாளி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் இடி வரப்போகிறது என்பது தெரிந்திருக்கும், ஒரு பக்கம் போவது போல் தோளைக் காட்டிவிட்டு மறுபக்கம் திரும்பி ஒரே பாஸில் பக்கை வெளியேற்றிவிடுவான். யாரும் கைதட்ட மாட்டார்கள், ஏனென்றால் பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்கவில்லை. இதே இடத்தில் பெரிய உடம்புக்காரன் இடியை வாங்கிக்கொண்டு பக்கைச் சுவரோரமாகத் தள்ளிவிடுவான், அது தற்காப்புப் பகுதியின் எல்லைக்கோடான ப்ளூலைனில் எதிரணி கையிலேயே சிக்கும், அப்புறம் முப்பது நொடி கோல் முன்னால் போராட்டம், ஷாட்டைக் காலால் தடுப்பது, ஒருவனைக் கீழே தள்ளுவது. பெஞ்சில் எல்லோரும் ஸ்டிக்கைத் தட்டிப் பாராட்டுவார்கள். அந்தப் போராட்டத்தை வரவழைத்ததே அவன்தான் என்பது மறுநாள் வீடியோவில்தான் தெரியும், அப்போதும் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

என்ஹெச்எல்லில் இந்தத் திறமைக்கு மதிப்பு கூடியதற்கு ஒரு காரணம் விதி. 2004-05 சீசன், சம்பளத் தகராறில் அணி முதலாளிகள் போட்ட லாக்அவுட்டால் நடக்காமல் போய், மறுவருடம் ஆட்டம் திரும்பியபோது ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதையும் பிடித்து நிறுத்துவதையும் கறாராகத் தண்டிக்க ஆரம்பித்தார்கள், இரண்டு கோடுகளைத் தாண்டும் நீண்ட பாஸையும் அனுமதித்தார்கள். மெதுவான பெரிய ஆள் கையால் பிடித்துச் சமாளிக்கும் காலம் போய், காலும் பார்வையும் உள்ளவனுக்குக் கதவு திறந்தது. அதற்கு முன்னாலும் பிரையன் ரஃபால்ஸ்கி இருந்தார், 5 அடி 10, அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஆடிவிட்டு 26 வயதில் நியூ ஜெர்சிக்கு வந்து அந்த முதல் சீசனிலேயே கோப்பையைத் தூக்கினார், மொத்தம் மூன்று. டோரி க்ரூக்கும் டிராஃப்ட் ஆகாதவர்தான். ஜாரெட் ஸ்பர்ஜனை 2008இல் 156ஆவது ஆளாக எடுத்த அணி ஒப்பந்தமே போடாமல் விட்டது, மினசோட்டாவில் ட்ரைஅவுட்டில் நுழைந்து, 2021இல் அந்த அணிக்கே கேப்டன் ஆனார். லேன் ஹட்சன் டிராஃப்டுக்கு முன்னால் தான் இன்னும் வளர்வேன் என்று டாக்டர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அணிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. 62ஆவது ஆளாகப் போனவர், 2025இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை வாங்கினார். க்வின் ஹியூஸ் 2024இல் சிறந்த டிஃபன்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது வென்றதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, இந்தப் பெயர்களை அடுக்கிவிட்டு "பார்த்தீர்களா, முடியும்" என்று முடித்துவிடலாம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவர்கள் எல்லோருமே தங்கள் வேலையில் மிகச் சிறந்தவர்கள். அணியின் ஆறாவது டிஃபன்ஸ்மேனாக, சுமாராக ஆடி, பத்து வருடம் ஓட்டிய 5 அடி 9 ஆட்டக்காரர்களைத் தேடிப் பாருங்கள், அபூர்வம். அந்த இடம் 6 அடி 3க்குத்தான் போகிறது. பெரியவன் தடுமாறினால் "கத்துக்குவான், நேரம் கொடு" என்பார்கள், சின்னவன் அதே தவறைச் செய்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். ஆகவே கேள்வி ஜெயிக்க முடியுமா என்பது இல்லை, சுமாராக இருக்க அனுமதி உண்டா என்பதுதான். எனக்குத் தெரிந்து இல்லை, எதிரணியில் தண்டனையால் ஆள் குறைந்திருக்கும் நேரமான பவர்பிளேயை நடத்தத் தெரிந்தால் கொஞ்சம் பொறுமை காட்டுவார்கள், அவ்வளவே.

வீடியோ அறைக்கு வரும் சின்னப் பையன்கள் எல்லோரும் ஹியூஸ் கிளிப்தான் கேட்பார்கள். நான் ஸ்பர்ஜனைப் போடுவேன். ஹியூஸ் ப்ளூலைனில் பிளேடு விளிம்பில் திரும்புவதைப் பார்த்து ரசிக்கலாம், காப்பியடிக்க முடியாது, ஆனால் ஸ்பர்ஜன் ஃபார்வர்டுக்கும் தனக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுகிறார், ஸ்டிக்கை எந்தப் பாதையில் வைக்கிறார், உடம்பால் தள்ளாமல் எப்படி ஆளைச் சுவர்ப்பக்கம் ஓட்டுகிறார் என்பதெல்லாம் பழக்கம், கற்றுக்கொள்ளக்கூடியது. எடை ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றலாம், ஆனால் முதல் மூன்று அடி மந்தமானால் கையில் இருந்ததும் போய்விடும்.

இன்னொன்று, பெற்றோருக்குப் பிடிக்காத விஷயம், ப்ரோ ஹாக்கி என்றால் என்ஹெச்எல் மட்டும் இல்லை. அங்கே ரிங்க் 26 மீட்டர் அகலம், ஐரோப்பாவில் பல இடங்களில் 30 மீட்டர் வரை போகும், பக்கை எடுக்கத் திரும்புகிறவனுக்கு அந்தக் கூடுதல் இடம் பெரிய வரம். ஸ்வீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து லீக்குகளில் இதை வைத்தே நல்ல சம்பளத்தில் வருடக்கணக்கில் ஆடலாம். இதைச் சொன்னால் பையனைவிட அப்பா முகம்தான் வாடும், பையன் அங்கே எந்த லீக் என்று உடனே போனில் தேட ஆரம்பித்துவிடுவான்.