சாப்பிட்டாலும் வராது, ஓடினாலும் வராது: என் அலர்ஜியைக் கண்டுபிடித்த கதை

ரொட்டி சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. வெறும் வயிற்றில் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. ரொட்டி சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஓடினால் மட்டும் முதலில் உள்ளங்கை அரிக்கும், அப்புறம் கழுத்திலும் வயிற்றிலும் பட்டை பட்டையாகத் தடிக்கும், உதடு வீங்கும். ஒருமுறை தொண்டை இறுகிக் கண் இருட்டி, நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது அலர்ஜி என்று யாருக்கும் தோன்றவில்லை. பால், முட்டை, நிலக்கடலை போன்ற வழக்கமான உணவு ஒவ்வாமைகளில் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். பொதுவாக அடுத்த முறை சாப்பிட்டாலும் வரும். எனக்கோ தினமும் சாப்பிடும் கோதுமை எப்போதாவதுதான் வேலையைக் காட்டியது. வெயில், வியர்வை, துணி சோப்பு, பதற்றம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அலர்ஜி மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது: "வெந்நீரில் குளித்தால் வருகிறதா?" உடல் சூடேறுவதால் வரும் தடிப்பு பெரும்பாலும் குண்டூசித் தலை அளவில் பொடிப்பொடியாக இருக்குமாம், வெந்நீர்க் குளியலிலும் வருமாம். எனக்கு வந்தவை பெரிய தடிப்புகள், குளியலில் வந்ததே இல்லை. அந்த ஒரு கேள்வியில் வெயில் கதை முடிந்தது.

அடுத்து ஒரு குறிப்பேடு. தடிப்பு வந்த நாளில் அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் சாப்பிட்டது, குடித்தது, விழுங்கிய மாத்திரை, செய்த உடற்பயிற்சி எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். தடிப்பைப் படம் எடுத்து வைக்கவும் சொன்னார். காணாக்கடி எனப்படும் இந்த மாதிரித் தடிப்பு ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும், மருத்துவரைப் பார்க்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. எந்தப் பரிசோதனையையும்விட இந்தக் குறிப்பேடுதான் எனக்கு உதவியது என்று உறுதியாகச் சொல்வேன். கோதுமையும் ஓட்டமும் சேர்ந்த நாட்கள் வரிசையாகத் தெரிந்தன. கண் இருட்டிய அந்த நாளில் மூட்டுவலிக்கு இப்யூபுரூஃபன் போட்டிருந்ததும் தெரிந்தது. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் மதுவும் இந்த வகை அலர்ஜியைத் தூண்டிவிடக்கூடியவை.

பிறகு தோல் குத்துப் பரிசோதனை. அதற்குச் சில நாட்கள் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் தோல் எதற்கும் அசையாது. முன்கையில் சந்தேகப்படும் பொருட்களின் சாற்றைச் சொட்டு சொட்டாக வைத்து லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்துத் தடிப்பை அளந்தார்கள். 3 மில்லிமீட்டர் இருந்தால் கணக்கில் வரும். கோதுமைக்கு மங்கலாகத்தான் வந்தது. ஆனால் இரத்தத்தில் ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.ஈ. (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருள்) தெளிவாக இருந்தது. பரிசோதனையில் ஒன்று தெரிந்தால் மட்டும் அலர்ஜி ஆகிவிடாது, அனுபவமும் பொருந்த வேண்டும் என்றார் மருத்துவர். எனக்கு இரண்டும் பொருந்தின.

இதைவிட விசித்திரமானவையும் உண்டு என்று அங்கேதான் அறிந்தேன். தோலில் ஐஸ் கட்டியை ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் அந்த இடமே வீங்கும் குளிர் அலர்ஜி. அவர்களுக்குக் குளிர்ந்த நீரில் நீந்துவது உயிருக்கே ஆபத்து. உண்ணி கடித்த பிறகு ஆட்டு, மாட்டு இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகும் அலர்ஜியில் அறிகுறி வரவே இரண்டு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நள்ளிரவில் அரிப்போடு எழுந்தால் யார் இறைச்சியைச் சந்தேகிப்பார்கள்? நகப்பூச்சு ஒத்துக்கொள்ளாதவருக்கு விரல் நன்றாக இருக்க, கண் இமை சிவந்து உரியும். அதற்கு முதுகில் ஒட்டும் பட்டைப் பரிசோதனை. இரண்டு நாள் கழித்துப் பட்டையை எடுத்து, மறுபடியும் ஒருமுறை பார்ப்பார்கள்.

கோதுமையை நான் முழுதாக விடவில்லை. அது என் மருத்துவர் எனக்குச் சொன்ன ஏற்பாடு, எல்லோருக்கும் பொருந்தாது. சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஓடுவதில்லை, வலி மாத்திரை போட்டால் கோதுமையைத் தொடுவதில்லை, தனியாக ஓடுவதில்லை. கடும் அலர்ஜி வந்தால் உடனே குத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப் பேனா எப்போதும் இடுப்புப் பையில். மூச்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத்தில் பேனாவைக் குத்தி, படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, உடனே ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார விடலாம், எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் வரலாம். இதையெல்லாம் என்னோடு ஓடும் நண்பருக்கும் சொல்லிக்கொடுத்து, பயிற்சிப் பேனாவில் பழக்கியும் வைத்திருக்கிறேன்.