செருப்பு வாரும் நாலு நிமிஷமும்

ஜூன் 4, செவ்வாய்

காலைல எட்டரைக்கு கிளம்பணும். எட்டு இருபத்தஞ்சுக்கு என் பையன் வாசப்படில உக்காந்து செருப்பு வாரை மாட்டிட்டு இருந்தான், வளையத்துக்குள்ள விட்டு இழுத்து ஒட்டுற வாரு அது, நுனி வளையத்துக்கிட்ட போகும், மடங்கும், வெளிய வந்துடும், மறுபடி அவன் நாக்கை ஓரமா கடிச்சுக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பான். நான் மணியப் பாத்துட்டே குனிஞ்சு ஒரே இழுப்பா இழுத்து ஒட்டிட்டேன். அவ்ளோதான் நான் செஞ்சது.

"நான்ன்ன்ன்"னு ஒரு அலறல். செருப்பு பறந்துச்சு, அவன் தரையில விழுந்து காலை உதைக்கறான். சரி சரின்னு வாரைப் பிரிச்சு "இந்தா நீயே போடு"னு நீட்டினேன், அது இன்னும் மோசமாப் போச்சு. ஏன்னா அவன் கணக்குல நான் ஏற்கனவே போட்டாச்சு, அதை போடாத மாதிரி ஆக்க யாராலயும் முடியாது. அதுக்கப்புறம் நான் பேச ஆரம்பிச்சேன், லேட் ஆகுதுல்ல, அப்பா ஹெல்ப்தானே பண்ணேன், இதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா, என்ன வேணும்னு வாயைத் தொறந்து சொல்லேன்டா. நான் பேசப் பேச அவன் சத்தம் ஏறிட்டே போச்சு. கடைசில "நிறுத்துடா!"னு கத்திட்டேன். நிறுத்திட்டான். ஆனா தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி, மூச்சைப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தான், அந்தப் பார்வையை நாள் பூரா என்னால ஒதுக்க முடியல. மூணே கால் வயசு. என்னைப் பாத்து பயந்துதான் அழுகைய முழுங்கியிருக்கான்.

அதனால எழுதறேன். தினமும் முடியுமான்னு தெரியல, முடியறப்போ.

ஜூன் 5, புதன்

குளிச்சு முடிஞ்சதும் குழாயை நான் மூடிட்டேன்னு இன்னிக்கு ஒரு ரவுண்டு. இந்த தடவை போன்ல ஸ்டாப்வாட்சை ஓட விட்டு கீழ வச்சுட்டேன். எனக்கு அரை மணி நேரம் போன மாதிரி இருந்துச்சு, எடுத்துப் பாத்தா 3 நிமிஷம் 50 செகண்ட்.

ராத்திரி தேடிப் படிச்சேன். மைக்கேல் பொட்டகல், ரிச்சர்ட் டேவிட்சன்னு ரெண்டு பேர் 2003ல ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க, 18 மாசத்துலேர்ந்து 60 மாசம் வரைக்கும் உள்ள 335 குழந்தைங்க அழுது புரண்டு பண்ற ஆர்ப்பாட்டத்துல, ஆளுக்கு ஒண்ணைப் பத்தி பெத்தவங்க விவரமா எழுதிக் குடுத்திருக்காங்க. நாலுல மூணு பங்கு அஞ்சு நிமிஷத்துக்குள்ளயே முடிஞ்சுடுதாம், அதிகமா பதிவானது அரை நிமிஷத்துலேர்ந்து ஒரு நிமிஷம்! இன்னொண்ணு எனக்கு ரொம்ப ஆச்சரியம், முதல் முப்பது செகண்டுக்குள்ள காலை உதைச்சு மிதிக்கறது, தரையில விழறதுன்னு போற குழந்தைங்களுக்கு அது சீக்கிரமாவே அடங்கிடுதாம். இத்தனை நாள் அவன் தரையில விழுந்தாலே "அய்யோ, கை மீறிப் போச்சு"னு நினைச்சு நான் உள்ள குதிச்சிட்டு இருந்தேன்.

நாலு நிமிஷம்னா நான் உக்காந்திருக்க முடியும். அதுக்கு ஒரு அளவு இருக்குன்னு தெரிஞ்ச உடனே பாதி பாரம் இறங்கின மாதிரி இருக்கு.

ஜூன் 7, வெள்ளி

இன்னிக்கு ஒரு விஷயத்தைக் கண்ணால பாத்தேன், மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

பிளாக்ஸ் கட்டிட்டு இருந்தான், கோபுரம் சரிஞ்சுச்சு, கத்தல், வீசல், எல்லாம் வழக்கம்போல. நான் ஒரு கை தூரத்துல தரையில உக்காந்துட்டேன். வீசினா மேல படாத மாதிரி பெரிய கட்டையை மட்டும் நகத்தி வச்சேன், "அப்பா இங்கதான் இருக்கேன்"னு ஒரே ஒரு தடவை சொன்னேன், அப்புறம் வாயே தொறக்கல. இது எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னா கையை என் தொடைக்கு கீழ வச்சு அழுத்திக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல கத்தலோட கூர்மை குறைஞ்சுச்சு. கை சும்மா தரையைத் தேய்ச்சுட்டு இருக்கு. அப்புறம் கீழ் உதடு பிதுங்கி, மூச்சு ரெண்டு மூணு துண்டா உடைஞ்சு, "ப்பா..."ன்னான். அப்போ வந்த அழுகை வேற அழுகை. கண்ணுல தண்ணி அப்பத்தான் வந்துச்சு, அதுவரைக்கும் கண்ணு வறண்டுதான் இருந்திருக்கு, நான் கவனிச்சதே இல்ல. தவழ்ந்து வந்து மடியில ஏறிட்டான்.

அந்த ஆய்வுலயும் இதைத்தான் சொல்றாங்க, கோவமும் துக்கமும் ரெண்டுமே உள்ள கலந்து கிடக்கு, கோவம் ஆரம்பத்துல உச்சத்துக்குப் போயிட்டு இறங்கிடும், துக்கம் கடைசி வரைக்கும் இருக்கும், கோவம் வடிஞ்சப்புறம்தான் அது நம்ம கண்ணுக்குத் தெரியுது, குழந்தை ஆறுதல் தேடி வர்றதும் அப்போதான். நான் செவ்வாக்கிழமை கேட்ட அத்தனை கேள்வியும் கோவத்தோட உச்சியில போய் விழுந்திருக்கு. யோசிச்சு, வார்த்தை தேடி, தன்னைத் தானே அடக்கிக்கற வேலையைப் பாக்கற நெத்திக்குப் பின்னால இருக்கற மூளைப் பகுதி முழுசா முதிர இருபது வயசைத் தாண்டி இன்னும் சில வருஷம் ஆகும்னு சொல்றாங்க. இவனுக்கு மூணே கால். அந்த நேரத்துல "வாயைத் தொறந்து சொல்லு"னா எங்கேர்ந்து சொல்லுவான்.

ஆகவே இப்போதைக்கு எனக்கு நானே வச்சுக்கிட்ட வேலை ஒண்ணே ஒண்ணு, அந்த திருப்பம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். உதடு பிதுங்கற வரைக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா வந்திருக்காங்க. மத்தியானம் அவன் அழ ஆரம்பிச்சதும் "ஆம்பளப் புள்ள அழலாமா, பூச்சாண்டி வந்துடுவான் பாரு"ன்னாங்க, அப்படியும் நிக்கலைன்னதும் போனை எடுத்து நீட்டிட்டாங்க, டக்குனு அமைதி.

அவன் தூங்கினப்புறம் பேசினோம். "அம்மா, பூச்சாண்டி வேணாம்மா"ன்னேன். "நீயும் இதைக் கேட்டுத்தானடா வளந்தே"ன்னாங்க. "வளந்தேன்மா, இப்பவும் அழுகை வந்தா பாத்ரூமுக்குள்ள போய்த்தான் அழறேன்"ன்னு சொல்லிட்டேன், யோசிக்காம வந்துடுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, என் தலையை மட்டும் தடவி விட்டாங்க.

போன் விஷயத்துல நானும் தப்பு பண்ணவன்தான், எத்தனையோ தடவை குடுத்திருக்கேன். 2022ல வந்த ஒரு ஆய்வு மூணுலேர்ந்து அஞ்சு வயசு குழந்தைங்களைப் பத்தினது, அழுகைய அடக்கறதுக்கு அடிக்கடி போனோ டேப்லெட்டோ குடுக்கறதுக்கும் அப்புறமா உணர்ச்சி பொங்கறது அதிகமாகறதுக்கும் தொடர்பு தெரியுதுன்னு சொல்லுது, குறிப்பா பையன்களுக்கு. அந்த நாலு நிமிஷத்தை முழுசா கடந்து மறுபக்கம் வர்ற பழக்கம் அவனுக்கு வேணும், போன் குடுத்தா அது நடக்கறதே இல்ல. ஒரேயடியா நிறுத்திட்டேன்னு சொல்ல மாட்டேன், ஊசி போடற இடத்துல இன்னும் குடுப்பேன்.

ஆனா ஒண்ணு. சாயங்காலம் மறுபடி அழுதப்போ அம்மா அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு, முதுகை ஒரே தாளமா தட்டிக்கிட்டே "ம்ம்... ம்ம்..."ன்னு முனகிட்டு நடந்தாங்க. ஒரு வார்த்தை இல்ல. ரெண்டாவது நடையிலயே அவன் உடம்பு தளர்ந்துடுச்சு. நான் நாலு நாளா படிச்சு கத்துக்கறது அவங்க கைக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு.

ஜூன் 12, புதன்

உணர்ச்சிக்குப் பேர் வைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. பெரியவங்களை வச்சு 2007ல ஒரு மூளை ஸ்கேன் ஆய்வு நடந்திருக்கு, கோவமான, பயந்த முகங்களைப் பாக்கறப்போ அது என்ன உணர்ச்சின்னு வார்த்தையில சொன்னா மூளைல அபாய மணி அடிக்கற அமிக்டலாவோட வேகம் குறையுதாம். அதை நம்பி நேத்து நடு அலறல்ல "உனக்கு கோவம் வந்துருக்கு இல்ல?"ன்னேன். "எனக்கு கோவம் இல்ல்ல்ல!"ன்னு என் கண்ணாடியைப் புடுங்கி எறிஞ்சான். அது கோவமா இல்லாமலும் இருக்கலாம், அவன் அம்மா வர்றேன்னு சொல்லிட்டு லேட்டா வந்தா, அது ஏமாத்தம். நம்ம பாஷைல எவ்ளோ வார்த்தை இருக்கு, ஏமாத்தம், வெக்கம், பொறாமை, ஏக்கம், சலிப்பு, பதட்டம், நாம பிள்ளைங்ககிட்ட கோவம், அழுகை, பயம்னு மூணை மட்டும் வச்சு ஓட்டறோம்.

இன்னிக்கு ராத்திரி படுத்துட்டு, அமைதியா இருக்கறப்போ கேட்டேன், "கோபுரம் விழுந்துச்சே, அப்போ உள்ள எப்டி இருந்துச்சு கண்ணா?" ரொம்ப நேரம் சீலிங்கைப் பாத்தான். நெஞ்சுல கை வச்சு "இங்க மோட்டர் ஓடுச்சு"ன்னான். "பெரிய மோட்டரா?" "பெர்ர்ரிய மோட்டர். ட்ர்ர்ர்னு."

நான் வச்ச பேரை எல்லாம் விட்டுட்டேன். இனிமே எங்க வீட்ல அது மோட்டர்.

ஜூன் 17, திங்கள்

அடிச்சிட்டான். கன்னத்துல, கை விரிச்சு. என் கை தானா ஓங்கிடுச்சு, நல்லவேளை இறங்கல. அவன் மணிக்கட்டைப் புடிச்சு "அடிக்க நான் விட மாட்டேன்"னு சொன்னேன், சத்தமா இல்ல, ஆனா உறுதியா. இன்னொரு கை வந்துச்சு, அதையும் புடிச்சேன். இந்த இடத்துல நான் தெளிவா இருக்கேன், மோட்டர் ஓடட்டும், கத்தட்டும், அழட்டும், அதுக்கெல்லாம் தடை இல்ல, ஆள் மேல கை வைக்கறதுக்கு மட்டும் தடை. கூடவே இருந்து ஆறுதல் சொல்றதுன்னா எல்லாத்துக்கும் சரி சொல்றதுன்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. கேட்டது கிடைக்காது, அதுக்காக அழலாம், அழறப்போ நான் கூட இருப்பேன், இது மூணும் ஒண்ணா இருக்க முடியும்.

தலகாணியைக் குத்தச் சொல்லுன்னு ஒரு நண்பன் சொன்னான். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, 2002ல கல்லூரி மாணவர்களை வச்சு செஞ்ச சோதனைல, கோவப்படுத்தினவரை நினைச்சுக்கிட்டே மூட்டையைக் குத்தினவங்களுக்கு கோவம் ஏறத்தான் செஞ்சிருக்கு. அதுக்கு பதிலா சுவத்தைத் தள்ற விளையாட்டு ஆரம்பிச்சிருக்கோம், ரெண்டு பேரும் உள்ளங்கையை சுவத்துல வச்சு முழு பலத்தோட தள்றது, அப்புறம் தொப்புனு தளர்ந்து உக்கார்றது. அவனுக்கு அந்த தொப்புனு விழறதுதான் ரொம்பப் புடிச்சிருக்கு.

ஜூன் 18, செவ்வாய்

சின்ன குறிப்பு. நேத்து அடிச்சதுக்கு முன்னாடி என்னன்னு எண்ணிப் பாத்தேன், மத்தியானத் தூக்கம் இல்ல, முந்தின நாள் ராத்திரி பத்தரைக்குப் படுத்து ஆறே முக்காலுக்கு எழுந்திருக்கான். எட்டே கால் மணி நேரம். இந்த வயசுக்கு பகல் தூக்கமும் சேத்து ஒரு நாளைக்கு 10லேர்ந்து 13 மணி நேரம் வேணும். இன்னிக்கு எட்டரைக்கே லைட் ஆஃப்.

ஜூன் 21, வெள்ளி

கத்திட்டேன். ஆபீஸ் போன் கால், பால் கீழ கொட்டிடுச்சு, அவன் அதுலயே கை வச்சு தேய்ச்சான், நான் கத்தினது எனக்கே யாரோ கத்தற மாதிரி கேட்டுச்சு. அதே தோள், அதே காது, அதே பிடிச்ச மூச்சு. பதினேழு நாளா எழுதிட்டு இருக்கேன், மறுபடி அங்கயே வந்து நின்னேன்.

முன்னாடின்னா ஒரு பொம்மையைக் குடுத்து சமாளிச்சிருப்பேன். இந்த தடவை போனை முடிச்சுட்டு அவன் முன்னாடி மண்டி போட்டு "அப்பா கத்தினது தப்பு. உன்னால இல்ல. பயந்துட்டியா? ஸாரி கண்ணா"ன்னு சொன்னேன். நீ அப்டி பண்ணதாலதான்னு ஒரு வால் சேக்க நாக்கு துடிச்சுச்சு, சேக்கல. அவன் என் நெஞ்சுல கை வச்சு "மோட்டர் ஓடுச்சாப்பா உனக்கு?"ன்னான். ஆமான்னேன். "நின்னுடுச்சா?" இன்னும் கொஞ்சம் ஓடுதுன்னேன், அப்படியே கையை எடுக்காம ரொம்ப நேரம் நின்னான்.

எட் ட்ரானிக்னு ஒருத்தர் 1970கள்ல கைக்குழந்தைங்களை வச்சு செஞ்ச சோதனையைப் பத்தி முந்தா நாள் படிச்சிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் முகத்துல எந்த அசைவும் காட்டாம உக்காந்திருப்பாங்க, குழந்தை சிரிச்சுப் பாக்கும், கையை நீட்டிப் பாக்கும், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு அழும். பலரும் அதோட நிறுத்திடறாங்க. அவர் கண்டதுல எனக்கு முக்கியமாப் பட்டது வேற, சாதாரண விளையாட்டுல கூட அம்மாவும் குழந்தையும் பெரும்பாலான நேரம் தாளம் தப்பித்தான் இருக்காங்க, தப்பினப்புறம் மறுபடி சேந்துக்கறாங்க, அந்த சேர்ற அனுபவத்துல குழந்தை வளருது. அதைப் படிச்சிருக்காட்டி இன்னிக்கு நான் மண்டி போட்டிருப்பேனான்னு சந்தேகம்தான்.

ஜூன் 25, செவ்வாய்

சிநேகிதி ஒருத்தி போன் பண்ணா, அவ பொண்ணு அழறப்போ தலையை சுவத்துல மோதிக்கறாளாம், அரை மணி நேரம் ஆனாலும் அடங்கறதில்லையாம், "நீ எழுதற மாதிரி கூட உக்காந்தா சரியாயிடுமா?"ன்னு கேட்டா. இல்ல, டாக்டர்கிட்ட போன்னு சொன்னேன். தன்னையே கடிச்சுக்கறது, மோதிக்கறது, 25 நிமிஷத்துக்கு மேல அடிக்கடி நீடிக்கறது, ஒரே நாள்ல அஞ்சு தடவைக்கு மேல வர்றது, இதெல்லாம் இருந்தா குழந்தை டாக்டரைப் பாத்துடணும், அதுல தாயோட குத்தம்னு எதுவும் இல்ல, காது வலி, பேச்சு தாமதம்னு எத்தனையோ காரணம் இருக்கலாம். அவ அழுதா. நான் சும்மா கேட்டுட்டு இருந்தேன்.

ராத்திரி மூச்சு விளையாட்டு. உள்ளங்கைல சின்ன பேப்பர் துண்டு வச்சு, அது விழாம மெதுவ்வ்வா ஊதணும், யாரு ரொம்ப நேரம் ஊதறாங்கன்னு போட்டி. மூச்சை வெளிய விடறப்போதான் இதயத் துடிப்பு மெல்ல இறங்கும், அதனால இழுக்கறதை விட ஊதறது நீளமா இருக்கணும். அழறப்போ "ஊது"ன்னா ஊத மாட்டான், அது எனக்குத் தெரியும், அப்போ நான் பக்கத்துல உக்காந்து நானே ஊதிக்கறேன். நேத்து அவன் அழுதுட்டே என் கையைத் திருப்பி பேப்பர் இருக்கான்னு பாத்தான்.

ஜூன் 30, ஞாயிறு

வெளிய கிளம்பினோம், அதே செருப்பு. பத்து நிமிஷம் முன்னாடியே வாசப்படிக்கு வந்துட்டோம், இப்போல்லாம் அப்படித்தான். வலது கால் ஒட்டிட்டான். இடது கால் வாரு வளையத்துல மடங்கி நின்னுச்சு. ஒரு தடவை, ரெண்டு தடவை, நாலாவது தடவை செருப்பு பறந்து ஷூ ஸ்டாண்டுல போய் மோதுச்சு. தரையில விழுந்தான். நான் படில உக்காந்தேன். அவன் அம்மா பையை மாட்டிக்கிட்டு கதவுல சாஞ்சு நின்னா, அவளும் ஒண்ணும் சொல்லல.

உதடு பிதுங்குச்சு. வந்து மடியில ஏறி, என் சட்டைல மூக்கைத் துடைச்சுட்டு, கொஞ்ச நேரம் விக்கிட்டு இருந்தான். "வாரு கெட்ட வாரு"ன்னான். "ரொம்ப கஷ்டமான வாரு"ன்னேன். இறங்கிப் போய் செருப்பை எடுத்துட்டு வந்து என் கைல குடுத்தான். "அப்பா, நீ ஓட்டைல விடு. நான் இழுக்கறேன்."

நான் விட்டேன். அவன் இழுத்தான்.