ஒற்றைச் செருப்பின் திசை

தை பிறந்து நான்கு நாள் கழித்து, வேதாரண்யத்தை அடுத்த ஆறுகாட்டுத்துறைக் கரையில் காலை நடந்துகொண்டிருந்தபோது, அலை ஒதுக்கிய பாசிக்கும் கிழிந்த வலைத்துண்டுகளுக்கும் இடையே ஒற்றை ரப்பர் செருப்பொன்று கிடப்பதைக் கண்டேன். அதன் அடிப்புறம் முழுவதும் காம்புள்ள கொட்டலசுகள், அதாவது கடலில் மிதப்பவற்றின்மீது ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்கள், அப்பியிருந்தன. குதிகால் பகுதியில் அச்சிட்டிருந்த எழுத்து தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. வட்டவட்டமாக, பர்மிய எழுத்தைப் போலத் தோன்றியது. படகருகே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். “வாடக்காத்து விழுந்தா அக்கர சாமான்லாம் இங்கதான் தம்பி ஒதுங்கும். கச்சானுக்கு ஒண்ணும் வராது” என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். வாடை என்பது வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுவது.

அவர் சொன்னது சரிதான். ஆனால் காற்று தள்ளுகிறது, பொருள் நகர்கிறது என்பதோடு கதை முடிந்துவிடுவதில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் கடல்நீர் நேராகப் போவதில்லை என்பதே இதில் எனக்கு வியப்பூட்டும் செய்தி. அதைக் கண்டறிய வழிவகுத்தவற்றில் ஒரு கால்சட்டையும் உண்டு.

1879ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்ட ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல், சில மாதங்களிலேயே உறைபனியில் சிக்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பனியோடு பனியாக நகர்ந்து, 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே நொறுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1884இல், உலகின் மறுபக்கத்தில், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையோரம் மிதந்துவந்த பனிப்பாளத்தின்மீது சில பொருள்கள் கிடைத்தன: கப்பல் தலைவர் டி லாங் கையெழுத்திட்ட உணவுப் பொருள் பட்டியல் ஒன்று, மாலுமி ஒருவரின் பெயர் எழுதிய எண்ணெய்த்துணிக் கால்சட்டை ஒன்று, இன்னும் சில. சைபீரியாவிலிருந்து கிரீன்லாந்துக்கு இவை வரவேண்டுமானால் வடதுருவக் கடலையே குறுக்காகக் கடந்திருக்கவேண்டும் என்று நார்வே வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் எழுதினார். அதைப் படித்த இளைஞர் ஃபிரிட்யாஃப் நான்சன், ஒரு கால்சட்டை போன வழியில் ஒரு கப்பல் ஏன் போகக்கூடாது என்று கேட்டார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலெழும்பும்படி உருண்டையான அடிப்பாகம் கொண்ட ஃபிராம் என்ற கப்பலைக் கட்டுவித்து, 1893இல் வேண்டுமென்றே அதைப் பனியில் உறையவிட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பனி சுமந்த அந்தக் கப்பல், 1896 ஆகஸ்டில் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு அருகே முழுதாக வெளிப்பட்டது. இடையில் நான்சன் இறங்கித் துருவத்தை நோக்கி நடந்து சென்றதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கோ அவர் கப்பலின் மேல்தளத்தில் நின்று குறித்துவைத்த ஒரு சிறு கவனிப்பே பெரிதாகப் படுகிறது: பனி, காற்று வீசும் திசையில் போகாமல், அதற்கு 20 முதல் 40 பாகை வலப்புறமாக ஒதுங்கியே போனது.

இதற்குக் காரணம் பூமியின் சுழற்சியாகவே இருக்கவேண்டும் என்று ஊகித்த நான்சன், கணக்கை வாகன் எக்மன் என்ற சுவீடன் மாணவரிடம் போய்ச்சேரும்படி செய்தார். எக்மனின் விளக்கம் எளிமையானது. காற்று மேற்பரப்பு நீரை இழுக்கிறது. பூமி சுழல்வதால் அந்நீர் வடகோளத்தில் வலப்புறம் விலகுகிறது. மேலடுக்கு தனக்குக் கீழுள்ள அடுக்கை இழுக்க, அது இன்னும் மெதுவாக, இன்னும் சற்று வலப்புறமாகத் திரும்புகிறது. இப்படியே ஆழம் செல்லச்செல்ல நீரோட்டம் சுழல் படிக்கட்டைப்போல முறுக்கிக்கொண்டு ஓய்கிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால், நகர்ந்த நீர் காற்றுக்கு நேர் செங்குத்தாக வலப்புறம் போயிருக்கும். தென்கோளத்தில் இதுவே இடப்புறம்.

பசிபிக்கின் நடுவே குப்பை ஏன் சேர்கிறது என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். வடபசிபிக்கின் வடபகுதியில் மேற்குக் காற்றும் தென்பகுதியில் வடகிழக்கு வணிகக் காற்றும் ஆண்டு முழுவதும் வீசுகின்றன. இரண்டுமே தத்தம் வலப்புறமாகத் தள்ளும் நீர், நடுவில் வந்து சந்திக்கிறது. அங்கே சேர்ந்த நீருக்குக் கீழே இறங்க வழியுண்டு. மிதக்கும் பொருளுக்கு அந்த வழி இல்லை. அது அங்கேயே தங்கிவிடுகிறது.

செருப்புக்கு வருகிறேன். 1990 மே மாதம் வடபசிபிக்கில் புயலில் சிக்கிய ஹான்சா கேரியர் என்ற கப்பலிலிருந்து 60,000க்கும் மேற்பட்ட நைக்கி காலணிகள் கடலில் கொட்டின. அந்தக் குளிர்காலத்திலேயே அவை வட அமெரிக்காவின் மேற்கே வான்கூவர் தீவு முதல் ஆரிகன் வரையிலான கரைகளில் ஒதுங்கத் தொடங்கின. ஒவ்வொரு காலணியிலும் தொடரெண் இருந்ததால், எந்தக் கப்பலில், எங்கே, எப்போது விழுந்தது என்பது ஐயமின்றித் தெரிந்தது. சியாட்டிலைச் சேர்ந்த கடலியலாளர் கர்ட்டிஸ் எப்ஸ்மேயரும் ஜேம்ஸ் இங்கிரகாமும் அதைக்கொண்டு தம் நீரோட்டக் கணினி மாதிரியைச் சோதித்துப் பார்த்தார்கள். காலணிகள் இணையாகக் கட்டப்படாமல் தனித்தனியே வந்ததால், கரையோர மக்கள் கூடி, இடதையும் வலதையும் மாற்றிக்கொண்டு, சோடி சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். (ஓராண்டுக்குக் கடலில் ஊறிய காலணி, துவைத்தால் போட்டுக்கொள்ளும்படி இருந்ததாம்.) 1992இல் இதேபோல் ஒரு கப்பலிலிருந்து கொட்டிய குளியல் பொம்மை வாத்துகளின் கதை உலகெல்லாம் பரவியிருப்பதால் அதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒரே இடத்தில் விழுந்த இரண்டு பொருள்கள் ஒரே கரைக்குப் போகும் என்று சொல்ல இயலாது. நீருக்குள் மூழ்கிய பகுதியை, மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இழுக்கிறது. நீருக்கு மேலே துருத்தும் பகுதியைக் காற்று நேரடியாகப் பிடித்துத் தள்ளுகிறது. ஆகவே உயரமாக மிதக்கும் வாத்து ஒரு வழி போனால், முக்கால்வாசி மூழ்கிய காலணி வேறு வழி போகிறது. 2014 மார்ச்சில் காணாமற்போன எம்எச்370 என்ற மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டொன்று 2015 ஜூலையில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் ஒதுங்கியபோது, அது எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் முதலில் மரத்தாலும் எஃகாலும் மாதிரிகள் செய்து கடலில் விட்டார்கள். பிறகு அதே வகை விமானத்தின் உண்மையான பாகத்தையே வாங்கி, கிடைத்த துண்டின் வடிவத்துக்கு வெட்டி மிதக்கவிட்டபோது, அது மாதிரிகளைவிட வேகமாகவும், காற்றின் திசைக்குச் சுமார் 20 பாகை இடப்புறமாகவும் சென்றது. இந்த இடப்புற ஒதுக்கம் எக்மன் சொன்ன பூமிச் சுழற்சியால் வந்ததன்று, அப்பொருளின் வளைவான வடிவத்தால் வந்தது. நீரோட்டத்தை மட்டும் அளக்க விரும்பும் ஆய்வாளர்கள், மிதவையின் கீழே 15 மீட்டர் ஆழத்தில் ஓட்டையிட்ட நீண்ட துணிக்குழாயைத் தொங்கவிடுவதன் காரணமும் இதுதான். காற்றின் பிடியிலிருந்து மிதவையை விடுவிக்க அது வேண்டும்.

வடிவம் இவ்வளவு செய்யுமானால், இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பங்களாயிற்றே, அவை வெவ்வேறு பக்கமாக ஒதுங்கவேண்டாமா? ஒதுங்கத்தான் செய்கின்றன. நெதர்லாந்தின் டெக்சல் தீவில் எண்ணியபோது இடக்கால்களும், வடகடலின் மறுபுறம் ஷெட்லாந்தில் எண்ணியபோது வலக்கால்களும் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன.

நம் வங்கக்கடலோ பசிபிக்கைப் போன்றதன்று. இங்கே காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீர், வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. நிலையான சுழல் ஒன்று உருவாக அவகாசமே இல்லாததால், மிதப்பவற்றை நடுக்கடலில் குவித்துவைக்கும் பழக்கம் இக்கடலுக்கு இல்லை. ஏதோ ஒரு கரையில் கொண்டுவந்து தள்ளிவிடுகிறது. 2022 மே மாதம் அசானி புயலின்போது ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், பொன்னிற வண்ணம் பூசிய பௌத்தத் தேர் போன்ற மிதவையொன்று கரை சேர்ந்தது. அது மியான்மர்ப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அதில் 16-1-2022 என்ற தேதி பொறித்திருந்ததாகச் செய்திகள் வந்தன. அந்நாளிலேயே அது கடலில் இறங்கியதென்று வைத்துக்கொண்டு நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 1,000 கிலோமீட்டர், 115 நாள், நாளொன்றுக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் அது வளைந்து நெளிந்து இதைவிட அதிக தூரம் அலைந்திருக்கும்.

என் செருப்பில் தேதி இல்லை, தொடரெண்ணும் இல்லை. அது இடக்கால் செருப்பு. மறுநாள் காலை அதே கரையில் ஒரு கிலோமீட்டர் தூரம் நடந்து, கொட்டலசு படிந்த செருப்புகளை மட்டும் எண்ணினேன்: இடம் பதினொன்று, வலம் ஏழு. பதினெட்டுச் செருப்பை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. அடுத்த தையில் கோடியக்கரைப் பக்கம் வரை நடந்து எண்ணுவதாக இருக்கிறேன். கூட வருகிறேன் என்ற நண்பர், கொட்டலசின் நாற்றத்தை முகர்ந்தபின் பேச்சை மாற்றிவிட்டார்.