லெந்து நாட்கள், பெரம்பூர்

மார்ச் 5, 2025
லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெரியம்மா பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறார்; ஈஸ்டர் முடிந்த கையோடு மூன்று ஞாயிறு ஓலை (சர்ச்சில் கல்யாண அறிவிப்பு) வாசித்துவிட்டால் மே கடைசியில் கல்யாணமாம். நான் இன்னும் சரி என்றே சொல்லவில்லை.

மார்ச் 8
நல்ல பையன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுசேரியில் வேலை, மேடவாக்கத்தில் சொந்த பிளாட், நகைப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெபத்தைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு அதுல நம்பிக்கை இல்லைங்க, நீங்க தாராளமா சர்ச்சுக்குப் போங்க, நான் தடுக்க மாட்டேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா இருந்தவரை ராத்திரி விளக்கணைப்பதற்கு முன் அவரும் அம்மாவும் கட்டிலோரம் சேர்ந்து முழங்கால்படியிட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கும் அது வேண்டும், அதைத்தான் இத்தனை வருஷமாக ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 11
அம்மா இன்று முழுக்கப் பேசவில்லை.

மார்ச் 16
பைபிளில் ஆதியாகமம் 16ஆம் அதிகாரம் முடியும்போது ஆபிராமுக்கு 86 வயது. 17 தொடங்கும்போது 99. நடுவே 13 வருஷம், தேவன் பேசியதாக ஒரு வரி இல்லை. 75 வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர், தேவன் வாக்குக் கொடுத்த மகன் ஈசாக்கைக் கையில் வாங்கும்போது 100. இடையில் பிள்ளையில்லாத மனைவி சாராய் பொறுக்க முடியாமல், பிள்ளை பெறுவதற்காகத் தன் அடிமைப்பெண் ஆகாரை அவருக்குக் கொடுத்தாள். பிரசங்கத்தில் இதை அவிசுவாசம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு ஆகார்தான் மனசை விட்டுப் போகவில்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு துரத்தப்பட்டு, தோல் துருத்தியில் தண்ணீர் தீர்ந்து, பெயெர்செபா வனாந்தரத்தில் பிள்ளையைச் செடிக்குக் கீழே விட்டுவிட்டு அழுதவள் அவள். கர்த்தர் கைவிடவில்லை, தண்ணீர்க் கிணற்றைக் காட்டினார், சரி. ஆனால் அந்த இரண்டு பேரின் அவசரத்துக்கு விலை கொடுத்தது அவள்.

மேடவாக்கத்துக்காரரும் ஒரு அம்மா பெற்ற பிள்ளைதானே. வயசு ஏறுகிறது, இதுவாவது அமையட்டும் என்று நான் போய் மணவறையில் நின்றால், காலம் முழுக்க அரை மனசோடு ஒருத்தி பக்கத்தில் இருப்பதைத் தாங்கப்போவது அவர். அது பாவம்.

மார்ச் 17
13 வருஷம்.

மார்ச் 22
தோழி சிலுவைப்பாதைக்கு, அதாவது இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நினைத்து ஜெபிப்பதற்கு, பரங்கிமலைக்குக் கூப்பிட்டாள். அந்தப் படிகளை ஒரு ஆர்மீனிய வணிகர் 1726இல் கட்டிக்கொடுத்தாராம். வெயிலில் கல் சுட்டது, ஒவ்வொரு நிலையிலும் அவள் முட்டி போட, நானும் போட்டேன். மேலே போய் விமான நிலைய ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கேட்டாள், "ஒருவேளை இவர்தான் ஆண்டவர் அனுப்பினவரா இருந்தா?" பதில் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும்போது ரயிலிலும் அதே கேள்வி. என் பிடிவாதத்தை ஆண்டவர் சித்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனா? ஆண்டவரே, தெளிவாகக் காட்டும்.

மார்ச் 25
"தம்பிக்கும் பார்க்கணும்ல?" என்கிறாள் அம்மா. இதற்கு நான் என்ன செய்ய, என்ன செய்ய!

மார்ச் 30
புது வருஷ ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (வருஷத்துக்கென்று எடுக்கும் வசனம்), எரேமியா 29:11, எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற வசனம். பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. இன்று அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எழுதின கடிதம் அது. முந்தின வசனத்திலேயே, திரும்பி வர 70 வருஷம் என்று இருக்கிறது! அதற்கும் முன்னால், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடுங்கள் என்கிறார். காத்திருக்கிறவர்களிடம் இதைச் சொல்கிறார்! எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு அடித்துக்கொள்ளலாம் என்றே வருஷக்கணக்காகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. சமையலறையில் பொரிந்து பொரிந்து விழுகிறது. நாளைக்கே ஆள் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 3
பெரியம்மா மூலமாக வேண்டாம் என்று சொல்லி அனுப்ப மனசு வரவில்லை, மேடவாக்கத்துக்காரருக்கு நானே போன் செய்தேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நேரா சொன்னீங்களே, அது போதும்" என்றார். வைத்த பிறகு அழுதேன். அவருக்காகவும் ஜெபித்தேன்.

ஏப்ரல் 4
அம்மா சாப்பிடவில்லை. நானும்.

ஏப்ரல் 9
பெயிண்டர் வந்து சுரண்ட ஆரம்பித்துவிட்டார். வீடு முழுக்கத் தூசி, பீரோ நடுவீட்டில் நிற்கிறது. அம்மா வந்து, "முன் ரூமுக்கு அந்த ரோஸ் வேண்டாம், க்ரீம் அடிக்கச் சொல்லு" என்றாள்.

ஏப்ரல் 13
குருத்தோலை பவனியில் பெரியம்மா பக்கத்திலேயே நடந்து வந்தார். கையில் இன்னொரு பயோடேட்டா, ஆவடிக்காரராம். வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஜெபத்தைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் பெரியம்மா என்றேன். முறைத்தார். கேட்கிறேன் என்றும் சொன்னார்.