பியானோ இல்லாத ஏழு பாட்டுகள்

அமெரிக்க ஜாஸ் கிடார்காரர் கென்னி பரெலின் 'மிட்நைட் ப்ளூ' ஆல்பத்தில் பியானோ கிடையாது. ஆர்கனும் கிடையாது. கிடார், டெனர் சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ், காங்கோ என்கிற கையால் தட்டும் மேளம். ஐந்தே பேர். இதில் என்ன அப்படிப் பிடித்துவிட்டது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் வடபழனியில் இருக்கிறேன், மெல்லிசைக் குழுக்களில் கிடார் வாசிக்கிறேன். ரிசெப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா என்று முகூர்த்த மாதங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. எங்கள் மேடையில் கீபோர்டுதான் எல்லாம். வயலின் கூட்டம், புல்லாங்குழல், ஷெனாய், அடியில் கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எல்லாவற்றையும் இரண்டு கீபோர்டு நிரப்பிவிடும். கிடாருக்கு மிஞ்சுவது ரிதமும், இன்டர்லூடில் வரும் சின்னச் சின்ன பிட்டுகளும். அந்தப் பாட்டுகளுக்கு அதுதான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கச்சேரி முடிந்து வந்து இந்த ஆல்பத்தைப் போட்டால், ஒரு கிடாரைச் சுற்றி இவ்வளவு இடம் விட முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கிறது.

1963 ஜனவரியில் ஒரே நாளில் பதிவானது. வெளியிட்டது ப்ளூ நோட் கம்பெனி. நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. (அவர் பல வருஷம் பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே ரெக்கார்டிங் செய்தவர்.) டெட்ராய்ட்காரரான பரெலுக்கு அப்போது 31 வயது.

முதல் பாட்டு 'சிட்லின்ஸ் கான் கார்னே'. காங்கோவும் பேஸும் டிரம்ஸும் அவசரமே இல்லாமல் நடையைப் பிடிக்கின்றன. வடிவம் பழைய 12 பார் ப்ளூஸ்தான் (பன்னிரண்டு தாள அளவு திரும்பத் திரும்ப வரும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவம்), மூன்றே கார்டில் அடங்கிவிடும். சாக்ஸில் ஸ்டான்லி டரன்டைன், கனத்த குரல். பிறகு பரெலின் சோலோ. ஒற்றைக் கம்பியில் ஒரு சின்ன வரி வாசித்து நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் அவரே இரண்டு மூன்று கார்டை வெட்டிப் பதில் சொல்கிறார். மறுபடி ஒரு வரி. வேகம் காட்டுகிற வேலையே கிடையாது. மேடையில் சோலோ கிடைத்தால் பதினாறு சுரத்தைக் கொட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்குமே, அந்தப் பரபரப்பு இவர் கையில் துளியும் தெரியாது.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததே இந்த அடுத்த விஷயத்துக்காகத்தான். ப்ளூஸின் உயிர் காந்தாரத்தில், அதாவது ஸ ரி க-வில் வரும் 'க'வில் இருக்கிறது. கொஞ்சம் இறங்கிய 'சாதாரண காந்தாரமும்' இல்லை, அதற்கு மேலே இருக்கும் 'அந்தர காந்தாரமும்' இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். கிடாரில் கம்பியைக் கொஞ்சம் இழுத்தால் அங்கே போய்விடலாம், வீணைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாக்ஸில் உதட்டை வைத்தே போகலாம். பியானோவில் போக முடியாது. இரண்டு கட்டைக்கு நடுவில் சுரம் ஏது? கார்டுக்குள் இரண்டு காந்தாரத்தையும் சேர்த்து அழுத்தலாம், அவ்வளவுதான். இந்த ஆல்பத்தில் 'இதுதான் காந்தாரம்' என்று அடியில் அழுத்திச் சொல்ல ஆள் இல்லாததால், பரெலும் டரன்டைனும் அந்த நடு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறார்கள். பரெல் பியானோவை விட்டது இதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. விட்டதால் என் காதுக்குக் கிடைத்தது இது.

ஒருநாள் கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது இதைப் போட்டேன். எங்கள் தபேலாத் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து, "அண்ணே, இந்தக் காங்கோ யாருண்ணே? நம்ம டோலக்கு மாதிரி நிரப்பாம எவ்ளோ அடக்கமா வாசிக்கிறாரு!" என்றான். ரே பாரெட்டோ என்றேன். அதே 1963இல் 'எல் வட்டூசி' என்ற பாட்டை அமெரிக்கா முழுக்க ஹிட் அடிக்க வைத்த லத்தீன் இசைக்காரர். அவ்வளவு வெடிக்கத் தெரிந்தவர் இங்கே டிரம்ஸோடு ஒட்டி, ஒரே அளவில் போகிறார். தம்பி கோயம்பேடு வரை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தான்.

'சோல் லமென்ட்' மட்டும் தனி. மற்ற நால்வரும் இல்லை, பரெலின் கிடார் மட்டும், மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. ஒரு கார்டைத் தடவிவிட்டு, அது முழுசாக அடங்கும் முன் அடுத்ததை வைக்கிறார். கீழ்க் கம்பியில் பேஸ், மேல் கம்பியில் மெட்டு, இரண்டுமே ஒரே கையின் விரல்கள். என்னிடம் கிடார் கற்க வரும் பசங்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். ஸ்கேலை வேகமாக ஓட்டப் பழகுவதற்கு முன்னால் ஒரு சுரத்தை அதன் முழு நீளத்துக்கும் கேட்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் மேஜர் ஹாலியின் பேஸ் காணாமல் போய்விடும். இரண்டாவது பாட்டான 'ம்யூல்' அவரும் பரெலும் சேர்ந்து எழுதியது. பேஸ் இல்லாமல் கேட்டால் அதில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும்.